சூரியக் காற்று பூமியின் காந்தத்தைத் தொடும் இடத்தில்

(மாவட்ட அளவில் நடந்த அறிவியல் ஆசிரியர்கள் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களும் ஒன்றாக அமர்ந்திருக்கும் அரங்கு இது. 'பிளாஸ்மா அலைகள்' என்ற தலைப்பைப் பார்த்ததும், இது நம் வகுப்புக்கு எங்கே வரப்போகிறது என்று சிலர் நினைத்திருக்கலாம். நியாயமான எண்ணம்தான். ஆனால் நம் பாடநூலில் தனித்தனி அலகுகளாக இருக்கும் காந்தம், ஒலி, அலை, பருப்பொருளின் நிலைகள், சூரியக் குடும்பம் ஆகிய ஐந்தும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அந்த இடம் நம் தலைக்கு மேலே ஏறத்தாழ 90,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த அரை மணி நேரமும் பேசப்போகிறேன்.

சூரியனில் இருந்து வீசும் காற்று

சூரியன் ஒளியையும் வெப்பத்தையும் தருகிறது என்று முதல் வகுப்புக் குழந்தையும் சொல்லும். சூரியன் தன் பொருளையும் இடைவிடாமல் வெளியே வீசிக்கொண்டிருக்கிறது என்பதை நாம் பெரும்பாலும் சொல்வதில்லை. சூரியனின் வெளி மண்டலம் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் சூடானது. அந்த வெப்பத்தில் அணுக்கள் எலக்ட்ரான்களாகவும் அயனிகளாகவும் பிரிந்துவிடுகின்றன. இப்படி மின்னூட்டம் பெற்ற துகள்களாகப் பிரிந்து கிடக்கும் நிலைதான் பிளாஸ்மா. திண்மம், திரவம், வாயு ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது நிலை. அந்தப் பிளாஸ்மா எல்லாத் திசைகளிலும் பாய்ந்து செல்வதைச் சூரியக் காற்று என்கிறோம்.

அதன் வேகம் பொதுவாக விநாடிக்கு 400 கிலோமீட்டர். திருநெல்வேலியில் புறப்பட்டால் இரண்டு விநாடிக்குள் சென்னை! சூரியனில் இருந்து 15 கோடி கிலோமீட்டரைக் கடந்து நம்மிடம் வர நான்கு நாளுக்குச் சற்று கூடுதலாக ஆகும். வகுத்துப் பார்க்கச் சொன்னால் மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இவ்வளவு வேகமான காற்று ஏன் நம்மைப் புரட்டிப் போடவில்லை? அடர்த்தி மிகக் குறைவு. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. சூரியக் காற்றில் அதே அளவு இடத்தில் இருப்பவை சுமார் ஐந்து புரோட்டான்கள். ஆம், வெறும் ஐந்து.

இந்தக் காற்றைப் பற்றி முதலில் கணக்குப் போட்டுச் சொன்னவர் யூஜின் பார்க்கர் என்ற அமெரிக்க இயற்பியலாளர். ஆண்டு 1958. அவருக்கு அப்போது முப்பது வயதைச் சற்றுத் தாண்டியிருந்தது. அவர் அனுப்பிய ஆய்வுக் கட்டுரையைப் படித்த இரண்டு மதிப்பீட்டாளர்களும் அது வேண்டாம் என்றார்கள். ஆய்விதழின் ஆசிரியராக இருந்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அந்தக் கருத்தில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் கணக்கில் பிழை எதையும் யாரும் காட்டவில்லை என்பதைப் பார்த்தார், கட்டுரையை வெளியிட்டார். அடுத்த ஆண்டே சோவியத் நாட்டின் லூனா விண்கலங்கள் அந்தக் காற்றின் தடயத்தைக் கண்டன. 1962இல் வெள்ளிக் கோளை நோக்கிச் சென்ற மாரினர் 2 அதை உறுதி செய்தது. 2018இல் பார்க்கர் பெயரிலேயே ஒரு விண்கலம் சூரியனை நோக்கிப் புறப்பட்டபோது, 91 வயதில் அவர் நேரில் இருந்து பார்த்தார். தனக்கு உடன்பாடு இல்லாத விடையையும், தவறு என்று காட்ட முடியாதவரை அடிக்காமல் விடுவது என்பது விடைத்தாள் திருத்தும் நமக்கும் பொருந்தும் பாடம்.

பாலத்தின் தூணும் பூமியும்

பூமி ஒரு பெரிய காந்தம். காந்த ஊசியை வைத்து இதைக் காட்டுகிறோம். அந்தக் காந்தப்புலம் தரையோடு நின்றுவிடுவதில்லை. விண்வெளியில் வெகு தூரம் பரவியிருக்கிறது. மின்னூட்டம் பெற்ற துகள் காந்தப்புலத்தை நேராகக் கடக்க முடியாது, வளைக்கப்படும். எனவே சூரியக் காற்றுக்குப் பூமியின் காந்தம் ஒரு தடை.

தாமிரபரணியில் வெள்ளம் வரும்போது சுலோச்சன முதலியார் பாலத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். தூணில் மோதும் தண்ணீர் தூணுக்கு முன்பாகவே புடைத்து எழும். பிறகு இரண்டு பக்கமும் பிரிந்து ஓடும். தூணுக்கு முன்னால் வில் போன்ற ஒரு வளைவு தெரியும். பூமிக்கு முன்னாலும் அப்படி ஒரு வளைவு இருக்கிறது. அதை வில் அதிர்ச்சி என்று சொல்லலாம். சூரியனை நோக்கிய பக்கத்தில் அது பூமியின் ஆரத்தைப் போல ஏறத்தாழ 15 மடங்கு தொலைவில் இருக்கிறது. அதற்கு உள்ளே, சுமார் 10 மடங்கு தொலைவில், பூமியின் காந்தமண்டல எல்லை. இரண்டுக்கும் நடுவே கலங்கிய, சூடான, வேகம் குறைந்த பிளாஸ்மா ஓடிக்கொண்டிருக்கும்.

இதை வகுப்பில் காட்ட ஒரு சில்வர் தட்டும் ஒரு குழாயும் போதும். அடி தட்டையான தட்டைக் குழாய்க்கு நேர் கீழே வைத்து, தண்ணீரைச் சீராகத் திறந்துவிடுங்கள். தண்ணீர் விழும் இடத்தைச் சுற்றி மெல்லிய படலமாக வேகமாகப் பரவும். ஒரு குறிப்பிட்ட தூரத்தில் வட்டமாக ஒரு வரம்பு கட்டியதுபோல் நீர் திடீரென்று உயர்ந்து, மெதுவாக ஓடத் தொடங்கும். வட்டத்துக்கு உள்ளே, நீரின் வேகம் நீர்ப்பரப்பு அலையின் வேகத்தை விட அதிகம். வெளியே குறைவு. உள்ளே பென்சில் முனையை வைத்தால் கூர்மையான கோடுகள் பின்னால் மட்டும் விழும். வெளியே வைத்தால் சிற்றலை எல்லாப் பக்கமும் பரவும். இது பூமியின் அச்சு அசலான படம் அல்ல என்பதையும் மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். அலையை விட வேகமாக வரும் ஓட்டம் சட்டென்று வேகம் குறையும் இடம் எப்படி இருக்கும் என்பதை மட்டும் இது காட்டுகிறது. விண்வெளியில் அலைகள் செல்லும் வேகம் விநாடிக்குச் சுமார் 50 முதல் 100 கிலோமீட்டர் வரை. வரும் காற்றோ 400. 'முன்னால் தடை இருக்கிறது' என்ற செய்தியை எந்த அலையும் எதிர்நீச்சல் போட்டுச் சொல்ல முடியாது. அதனால்தான் காற்று தடைக்கு முன்னால் திடீரென்று திகைத்து நிற்கிறது.

மோதாமல் நிற்பது எப்படி?

இங்கேதான் அறிவியலாளர்களைப் பல பத்தாண்டுகளாக வேலை வாங்கிய கேள்வி இருக்கிறது. ஆற்று நீரின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. முன்னால் இருப்பது நின்றால் பின்னால் வருவது அதன் மேல் இடித்து நிற்கும். நெரிசலில் வரிசை நிற்பதுபோல. ஆனால் சூரியக் காற்றில் ஒரு புரோட்டான் இன்னொரு துகளோடு மோத வேண்டுமானால், சராசரியாகச் சூரியனுக்கும் பூமிக்கும் இடையே உள்ள தூரம் அளவுக்குப் பயணம் செய்ய வேண்டும். அதாவது வழியில் யாரும் யாரையும் இடிப்பதே இல்லை. அப்படியானால் 400 கிலோமீட்டர் வேகத்தில் வருபவை சில நூறு கிலோமீட்டருக்குள் வேகம் இழப்பது எப்படி? ஒரு லட்சம் கெல்வின் அளவில் இருந்த வெப்பநிலை பத்து லட்சத்தைத் தாண்டுவது எப்படி?

விடை: மோதலின் வேலையை அங்கே மின்புலமும் காந்தப்புலமும் அலைகளும் செய்கின்றன. துகள்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனால் ஒவ்வொன்றும் புலத்தை அசைக்கிறது. அசைந்த புலம் மற்ற எல்லாவற்றையும் அசைக்கிறது. பிளாஸ்மா அலை என்பது இதுதான். துகள்களும் புலமும் சேர்ந்து ஆடும் ஆட்டம்.

இந்த அலைகளில் ஒரு வகையை 1942இல் ஸ்வீடன் நாட்டின் ஹான்னஸ் ஆல்வேன் கணித்துச் சொன்னார். 1970இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய கருத்தை விளக்க வீணை போதும். வீணைத் தந்தியை இழுத்துக் கட்டினால் சுருதி ஏறும். தந்தி கனமானால் சுருதி இறங்கும். பிளாஸ்மாவில் காந்தப்புலக் கோடுகள்தான் தந்தி. புலம் வலுவாக இருப்பது தந்தியை இழுத்துக் கட்டியதற்குச் சமம். கோட்டோடு ஒட்டியிருக்கும் துகள்கள்தான் தந்தியின் கனம். புலம் வலுத்தால் அலை வேகமாகச் செல்லும்; துகள்கள் கூடினால் மெதுவாகச் செல்லும். இரும்புத்தூளைத் தூவி நாம் காட்டும் அந்தக் கோடுகளை மீட்ட முடியும் என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

திரும்பி ஓடும் துகள்கள்

வில் அதிர்ச்சிக்கு வரும் எல்லாத் துகள்களும் உள்ளே போய்விடுவதில்லை. ஒரு சிறு பங்கு அங்கேயே திருப்பி அனுப்பப்படுகிறது. அவை சூரியனை நோக்கி, காந்தக் கோடுகளின் வழியே, வரும் காற்றுக்கு எதிராக ஓடுகின்றன. ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் வண்டி ஓட்டினால் என்ன ஆகும்? போக்குவரத்தே குழம்பும். இங்கும் அதேதான். எதிரெதிரான இரண்டு ஓட்டங்களின் ஆற்றலில் இருந்து அலைகள் பிறந்து வளர்கின்றன. வில் அதிர்ச்சிக்கு முன்னால் அலைகள் நிறைந்திருக்கும் இந்தப் பகுதியை முன்னதிர்ச்சி மண்டலம் என்கிறோம்.

அங்கே அடிக்கடி காணப்படும் அலையின் அலைவுக் காலம் சுமார் 30 விநாடி. அந்த அலையின் துடிப்பு பூமியின் தரை வரை வருகிறது. தரையில் உள்ள காந்தமானிகளில் பகல் நேரங்களில் 10 முதல் 45 விநாடி வரை அலைவுக் காலம் கொண்ட மெல்லிய துடிப்புகள் பதிவாகின்றன. இன்னொரு சுவையான செய்தி: சூரியக் காற்று தன்னோடு சுமந்து வரும் காந்தப்புலம் இரட்டித்தால், இந்த அலையின் அதிர்வெண்ணும் ஏறத்தாழ இரட்டிக்கும். ஆக, தரையில் உட்கார்ந்து துடிப்பை எண்ணினால், விண்வெளியில் உள்ள காந்தப்புலத்தின் வலிமையை ஓரளவு சொல்லிவிடலாம். நாடி பிடித்துப் பார்ப்பது போலத்தான்.

புத்தகம் தவறா, வீடியோ தவறா?

இனி என் வகுப்புக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பில் ஒலி பற்றிய பாடம் முடிந்த மறுநாள் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், வெற்றிடத்துல சத்தம் போகாதுன்னு நேத்து எழுதிப் போட்டீங்க. ஆனா பூமி பாடுது, வியாழன் உறுமுதுன்னு வீடியோ போடுறாங்களே. புக் தப்பா, வீடியோ தப்பா?"

இந்தக் கேள்வி சாதாரணமானது அல்ல. "பாடத்தில் உள்ளதைப் படி, வீடியோவை நம்பாதே" என்று உட்கார வைத்திருந்தால், புத்தகம் தேர்வுக்கு, உலகம் வேறு என்று அவள் முடிவு செய்திருப்பாள். "வீடியோவும் சரிதான்" என்று விட்டிருந்தால், கற்றது குழம்பியிருக்கும். இரண்டிலும் நமக்கு இழப்பு. முதலாவதில் புத்தகத்தின் மேல் உள்ள நம்பிக்கை போகிறது. இரண்டாவதில் புத்தகத்தின் பொருள் போகிறது.

கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வியை எழுதினேன்: 'அந்த விண்கலத்தில் எந்தக் கருவி இருந்தது?' ஒலிவாங்கி இருந்ததா? இல்லை. காந்தமானி இருந்தது, மின்புலத்தை அளக்கும் உணர்கொம்பு இருந்தது. அவை தந்தவை எண்கள். அந்த எண்களை யாரோ ஒலியாக மாற்றியிருக்கிறார்கள். மருத்துவமனையில் இரண்டு கருவிகளைப் பார்க்கிறோம். ஸ்டெதஸ்கோப்பில் கேட்பது இதயத்தின் சொந்த ஒலி. இ.சி.ஜி. இயந்திரம் 'பீப், பீப்' என்பது இதயத்தின் மின்துடிப்பை ஒலியாக மாற்றியது. இரண்டுமே உண்மையான செய்தியைச் சொல்கின்றன. ஆனால் இரண்டாவது மொழிபெயர்ப்பு. விண்வெளிப் 'பாட்டு' இ.சி.ஜி. வகையைச் சேர்ந்தது. புத்தகமும் சரி, பதிவும் சரி; நடுவே 'மாற்றப்பட்டது' என்ற ஒரு சொல்லை வீடியோக்காரர்கள் விட்டுவிட்டார்கள்.

அடுத்து கணக்குப் போட்டோம். 30 விநாடிக்கு ஒரு முறை ஆடும் அலையின் அதிர்வெண் 0.033 ஹெர்ட்ஸ். நம் காதுக்கு 20 ஹெர்ட்ஸாவது வேண்டும். பதிவை 10,000 மடங்கு வேகமாக ஓட்டினால் 333 ஹெர்ட்ஸ், தெளிவாகக் கேட்கும். அப்போது ஒரு நாளின் பதிவு எத்தனை விநாடிக்குள் அடங்கும்? 86,400 விநாடியைப் பத்தாயிரத்தால் வகுத்தால் 8.64 விநாடி. ஒரு முழு நாளை எட்டரை விநாடியில் கேட்கலாம் என்றதும் வகுப்பே கலகலத்தது. தசம வகுத்தலுக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த மாணவி விடவில்லை. "அங்கதான் கன சென்டிமீட்டருக்கு அஞ்சு துகள் இருக்கே டீச்சர், அப்ப அது வெற்றிடமே இல்லையே?" என்றாள். மிகச் சரி. ஒலி என்பது மூலக்கூறுகள் ஒன்றையொன்று இடித்துக் கடத்தும் அலை. அங்கே இடிப்பதற்கு ஆள் இல்லை, அதனால் ஒலி போகாது. ஆனால் காந்தப்புலம் துகள்களைப் பிணைத்திருப்பதால் வேறு வகை அலை போகும். புத்தக வாக்கியத்தின் எல்லையை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

நான்கு விண்கலங்கள்

இந்த அலைகளை அளக்க ஒரு விண்கலம் போதாது. ஆற்றில் ஒரே ஒரு படகில் இருப்பவர், படகு மேலே எழுந்தால், அலை தன்னைக் கடந்து போனதா, ஆறே உயர்ந்ததா என்று எப்படிச் சொல்வார்? பல படகுகள் வேண்டும். முப்பரிமாணத்தில் அலையின் திசையையும் வேகத்தையும் அறியக் குறைந்தது நான்கு வேண்டும். அதற்காகத்தான் ஐரோப்பிய விண்வெளி முகமை 'கிளஸ்டர்' என்ற பெயரில் நான்கு விண்கலங்களைக் கட்டியது. 1996 ஜூன் 4 அன்று ஏவிய ராக்கெட் ஒரு நிமிடத்துக்குள் சிதறி, நான்கும் அழிந்தன. அவர்கள் மீண்டும் கட்டினார்கள். 2000ஆம் ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் இரண்டு இரண்டாக ஏவினார்கள். ரும்பா, சல்சா, சம்பா, டேங்கோ என்று நடனங்களின் பெயர்களை அவற்றுக்கு வைத்தார்கள். 2024 வரை அவை வேலை செய்தன.

அந்தப் பதிவுகளை ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசில் டுர்க்கும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2019இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அமைதியான நாட்களில் முன்னதிர்ச்சி மண்டலத்தில் பெரும்பாலும் ஒரே சுருதிதான் மேலோங்கி இருக்கும். சூரியப் புயல் வந்து தாக்கும்போது அதிர்வெண் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அதோடு ஒரே சுருதி பல சுருதிகளாகப் பிரிகிறது. அதிர்வெண் இரட்டிப்பது என்றால் இசையில் மேல் ஸ்தாயிக்குப் போவது. பாட்டுச் சொல்லித்தரும் ஆசிரியர்கள் இங்கே இருந்தால் அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து இந்த ஒரு பாடத்தை நடத்தலாம். வில் அதிர்ச்சியின் கொந்தளிப்பைத் தாண்டி இந்த அலை எப்படி உள்ளே வருகிறது என்ற கேள்வியையும் அதே குழு கணினி மாதிரிகளைக் கொண்டு தொடர்ந்தது. அதிர்ச்சியில் வந்து மோதும் அலை, மறுபக்கத்தில் தன்னைப் போன்ற அலையை எழுப்புகிறது என்பது அவர்கள் கண்டது.

மற்றக் கோள்களுக்கும் வில் அதிர்ச்சி உண்டு. 2016 ஜூன் 24 அன்று ஜூனோ விண்கலம் வியாழனின் வில் அதிர்ச்சியைக் கடந்தது. அதன் அலைக் கருவி பதிந்ததை ஒலியாக மாற்றினால் உறுமல் போலக் கேட்கும். என் மாணவி பார்த்த 'வியாழன் உறுமுது' வீடியோ அதுதான்.

பிள்ளைகளின் காது

இந்த உரையில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்திக்கு வருகிறேன். லண்டனில் மார்ட்டின் ஆர்ச்சர் என்ற விண்வெளி இயற்பியலாளர், செயற்கைக்கோள்களின் காந்தமானிப் பதிவுகளை ஒலியாக மாற்றிப் பள்ளி மாணவர்களிடம் கொடுத்தார். ஓராண்டுப் பதிவு சில நிமிடங்களுக்குள் அடங்கியது. மாணவர்கள் காதில் மாட்டிக் கேட்டார்கள். ஒரு பள்ளிக் குழு, நொறுங்குவது போன்ற ஒரு ஒலி நாள் தோறும் வருவதையும், அதன் சுருதி மெல்ல மெல்ல இறங்குவதையும் கவனித்துச் சொன்னது. ஆராய்ந்து பார்த்தபோது, சூரியப் புயல் ஒன்று ஓய்ந்த பிறகு காந்தக் கோடுகளில் மீண்டும் பிளாஸ்மா நிரம்புவதால் ஏற்பட்ட மாற்றம் அது என்று தெரிந்தது. தந்தி கனமாகக் கனமாகச் சுருதி இறங்குகிறது. முன்பு சொன்ன அதே வீணைக் கணக்கு. 2018இல் அது ஆய்விதழில் கட்டுரையாக வந்தது. வரைபடத்தில் கண் தவறவிடக்கூடியதைக் காது பிடித்தது. அதுவும் பள்ளிப் பிள்ளைகளின் காது.

அவர்களிடம் இருந்த கருவிகள் என்ன? ஒரு கணினி, ஒரு ஹெட்போன். நம் பள்ளிகளின் ஹைடெக் லேபிலும் அவை இருக்கின்றன.

நமக்கு மிக அருகில்

இதெல்லாம் வெளிநாட்டுச் செய்தி என்று ஒதுக்க வேண்டாம். காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்வதால்தான் 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்தது. அதே காரணத்தால் திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இயங்குகிறது. 1859ஆம் ஆண்டின் மாபெரும் சூரியப் புயலை மும்பை கொலாபா ஆய்வகத்தின் காந்தமானி பதிந்து வைத்தது. இன்றும் உலக ஆய்வாளர்கள் அந்தப் பதிவைத் தேடிப் படிக்கிறார்கள்.

2023 செப்டம்பர் 2 அன்று இஸ்ரோ ஏவிய ஆதித்யா எல்1, பூமியில் இருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று சூரியக் காற்றை அளக்கிறது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டையில் பள்ளிப் படிப்பை முடித்தவர். அந்த விண்கலத்தின் காந்தமானி 6 மீட்டர் நீளக் கையின் மேல் பொருத்தப்பட்டிருக்கிறது. ஏன் தெரியுமா? விண்கலத்தின் சொந்தக் காந்தம் அளவீட்டைக் கெடுத்துவிடக் கூடாது. காந்த ஊசியின் அருகே செல்போனைக் கொண்டுபோனால் ஊசி திரும்புவதைக் காட்டி, இதைக் கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள். விடை பிள்ளைகளிடம் இருந்தே வரும்.

15 லட்சம் கிலோமீட்டரை 400ஆல் வகுத்தால் 3,750 விநாடி. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். சூரியப் புயல் வருவதை அங்கே இருக்கும் கருவி நமக்கு முன்கூட்டிச் சொல்லக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். புயல்காற்று இன்னும் வேகமாக வரும். நேரம் இன்னும் குறையும். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தது இப்படி ஒரு புயலால்தான். 2024 மே மாதப் புயலின்போது லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

தொடக்க வகுப்புகளில் தட்டும் குழாயும் போதும். வட்டம் எங்கே விழுகிறது, குழாயை அதிகம் திறந்தால் வட்டம் பெரிதாகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 'ஏன்' என்பதை இப்போதே சொல்ல வேண்டியதில்லை, பார்த்ததை வரையட்டும்.

நடுநிலை வகுப்புகளில் வானவில் மன்றச் செயல்பாடுகளோடு சேர்த்து, சட்டகாந்தமும் இரும்புத்தூளும் கொண்டு காந்தக் கோடுகளைக் காட்டி, பூமியின் காந்தமண்டலத்தை வரையச் சொல்லலாம். சூரியன் இருக்கும் பக்கம் நசுங்கியும் மறுபக்கம் வால்போல் நீண்டும் வரைய வேண்டும். எந்தப் பக்கம் நசுங்கும் என்று விவாதிக்க விடுங்கள்.

உயர்நிலை வகுப்புகளில் ஸ்மார்ட்போனில் உள்ள காந்தமானியைப் பயன்படுத்தலாம். நம் பகுதியில் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா, அதாவது 40,000 நானோடெஸ்லா காட்டும். சூரியக் காற்று கொண்டுவரும் புலம் சுமார் 5 நானோடெஸ்லாதான். எட்டாயிரத்தில் ஒரு பங்கு! ஏன் விண்வெளிக் காந்தமானிக்கு அவ்வளவு நீளக் கை தேவைப்பட்டது என்பது அப்போது எண்ணாகவே புரியும்.

எல்லா வகுப்புகளுக்கும் பொதுவாக ஒன்று. விண்வெளி ஒலி என்று எதைக் காட்டினாலும், 'எதை அளந்தார்கள்? எப்படி மாற்றினார்கள்?' என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே காட்டுங்கள். கைப்பேசியில் நாள்தோறும் நூறு வீடியோக்கள் வந்து விழும் காலத்தில், இந்த இரண்டு கேள்விகளையும் கேட்கத் தெரிந்த பிள்ளை எதிலும் எளிதில் ஏமாறாது. பாடநூலையும் அது வெறும் மனப்பாடமாகப் படிக்காது.

அடுத்த முறை வட்டார அளவில் நாம் கூடும்போது, உங்கள் வகுப்பில் பிள்ளைகள் கேட்ட கேள்வி ஒன்றை எழுதிக் கொண்டு வாருங்கள். பதிலோடு வர வேண்டும் என்பதில்லை. சேர்ந்து தேடுவோம்.